உலர்களத்தை உதைத்த நாயகி

கேள்வி: அம்மா, வணக்கம். நான் ஏற்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில், காப்பித் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் தாயார் இதே மலையில் பழம் பறித்து என்னைப் படிக்கவைத்தவர். மாதத்தில் ஒரு ஞாயிறு, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு தோழியின் வீட்டில் நாங்கள் ஏழு பெண்கள் கூடி, எல்லோரும் படித்த ஒரு நாவலைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த மாதத்துக்கு எடுத்துக்கொண்டது, தொடராக வந்தபோதே பெரும்புகழ் பெற்ற ஒரு காதல் நாவல். ஏற்காட்டில் நடக்கும் கதை என்பதால் ஆசையோடு தொடங்கி, 580 பக்கங்களில் 412ஆம் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன். தன் தங்கையை ஏமாற்றியவனைப் பழிவாங்குவதற்காக, அவனுடைய சகோதரியை மிரட்டித் திருமணம் செய்கிறான் நாயகன். கையை முறுக்குகிறான், அறையில் வைத்துப் பூட்டுகிறான். அவன் மனத்தில் பழைய காயம் ஒன்று இருக்கிறதாம். நாயகியோ திமிர் பிடித்தவள். மாமியாரை எதிர்த்துப் பேசுகிறாள், சமையலறைப் பக்கமே போவதில்லை, கோபம் வந்தால் களத்தில் காயும் காப்பியைக் காலால் உதைக்கிறாள். இருவரில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை. தோழிகளுக்கு நாவல் உயிர். ‘கதையைக் கதையாகப் படி, உன் சொந்த வாழ்க்கையை உள்ளே கொண்டுவராதே’ என்கிறார்கள். நல்லவர்களைப் பற்றி மட்டுமே படிக்க விரும்பும் சிறுபிள்ளைத்தனம் என்னிடம் இருக்கிறதா? மீதியையும் படித்தாக வேண்டுமா? கூட்டத்தில் என்ன சொல்வது? பின்குறிப்பு: புத்தகம் தோழியுடையது. 287ஆம் பக்கத்தின் ஓரத்தில் ஆத்திரத்தில் பென்சிலால் ஏதோ எழுதிவிட்டேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சேலம் மாவட்டத்துக் கிளை நூலகங்களில் 31 ஆண்டுகள் புத்தகம் எடுத்துக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். படித்தது பிடிக்காமல் திருப்பிக்கொடுக்க வருகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் கோபத்தைவிடக் கூச்சமே அதிகம் இருக்கும். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ‘எனக்குத்தான் புரியவில்லையோ என்னவோ’ என்று தாங்களாகவே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டு போவார்கள். உங்கள் கடிதத்திலும் அதே குரல் கேட்டது. ஆகவே பதில் எழுதுவதற்கு முன்பு அந்த நாவலை வாங்கி, 580 பக்கங்களையும் படித்து முடித்தேன். அதன் பெயரை இங்கே சொல்லாமல் விடுகிறேன். நாம் பேசப்போகும் குறை அந்த ஒரு நாவலுக்கு மட்டும் உரியதாக இருந்தால் பெயரைச் சொல்லியிருப்பேன்.

நல்லவர்களைப் பற்றி மட்டுமே படிக்க விரும்புகிறவராக நீங்கள் இருந்திருந்தால், பள்ளிக்கூடத்திலேயே சிலப்பதிகாரத்தோடு உங்களுக்குத் தகராறு வந்திருக்கும். கோவலனைப் போல எரிச்சலூட்டும் தலைவனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்டிய மனைவியைத் தனியே விட்டுவிட்டு மாதவியின் வீடே கதி என்று கிடக்கிறான். முன்னோர் தேடிய செல்வத்தைத் தொலைக்கிறான். கடற்கரையில் மாதவி பாடிய பாட்டுக்குத் தானே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவளையும் விட்டு எழுந்து போகிறான். இவ்வளவுக்குப் பிறகும் நாம் அந்தக் காப்பியத்தை மூடிவைப்பதில்லை.

ஏன் என்பதற்கு, மதுரைக்கு வெளியே இடைக்குல மூதாட்டி மாதரி கொடுத்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் அந்தச் சிறிய இடத்தைப் பாருங்கள். கண்ணகி சமைத்துப் பரிமாறியதை உண்டு முடித்த கோவலன், தான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். வீணரோடு திரிந்ததைச் சொல்கிறான், பெற்றோர் சொல்லைத் தட்டியதைச் சொல்கிறான், ‘சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’ என்று மனைவிக்கு இழைத்ததையும் மறைக்காமல் சொல்கிறான். கண்ணகி அதற்கு ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிடவில்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். தான் ஏன் அவனோடு எழுந்து வந்தாள் என்ற காரணம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘உங்கள் நடத்தை மெச்சத் தகுந்ததாக இல்லை’ என்பதை மூன்றே சொற்களில், குரலை உயர்த்தாமல், பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில் சொல்லிவிடுகிறாள். அந்த மூன்று சொற்களால்தான், கோவலன் செய்தது இன்னதென்று இளங்கோவடிகளுக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரிகிறது. ஆசிரியருக்குத் தெரியும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட மனிதனோடும் எவ்வளவு தூரமும் நடந்துபோக வாசகர் தயங்குவதில்லை.

நீங்கள் மூடிவைத்த நாவலில் இல்லாதது அந்த நம்பிக்கைதான். பாத்திரங்கள் பொல்லாதவர்களாக இருப்பது உங்களைத் துன்புறுத்தவில்லை. அவர்கள் பொல்லாதவர்கள் என்பது நாவலுக்கே தெரியாமல் இருப்பதுதான் உங்களைத் துன்புறுத்தியிருக்கிறது.

287ஆம் பக்கத்துக்கு வருகிறேன். பனி விலகி வெயில் ஏறும் வேளையில், வீட்டு முற்றத்தில் நாயகனோடு நாயகிக்கு வாய்ச்சண்டை நடக்கிறது. எறிவதற்குக் கையில் எதுவும் அகப்படாததால், களத்தில் ஒரு வாரமாகக் காய்ந்துகொண்டிருக்கும் காப்பியைச் செருப்புக் காலால் உதைத்துத் தள்ளுகிறாள். அது களத்தின் விளிம்பைத் தாண்டிச் சேற்றில் போய் விழுகிறது. காப்பியைக் கிளறிக்கொண்டிருந்த பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, ‘வேலைக்காரி ஒருத்தி’ என்று இரண்டே சொற்கள். நாயகன் தன் மனைவியின் கோபச் சிவப்பைப் பார்த்து ரசிக்கிறான், உதட்டோரம் சிரிப்பு அரும்புகிறது, அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அடுத்த அத்தியாயம் இரவில், வேறோர் அறையில் தொடங்குகிறது.

உங்கள் தாயாரோடு அந்தக் களத்தில் நின்றவர் நீங்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், இந்தப் பத்தியைப் படிக்கும் சமவெளிக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பறித்த பழத்தை அப்படியே காயவைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்தால் நாள் குறையும், ஆனால் கவனம் கூடுதலாக வேண்டும். பகலில் பலமுறை கிளறிவிட வேண்டும், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் குவித்து மூட வேண்டும், காலையில் மறுபடி பரப்ப வேண்டும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், மண்ணில் விழுந்தால் மண்வாடை ஏறும், அந்தக் காப்பிக்கு நல்ல விலை கிடைக்காது. அவள் உதைத்தது ஒரு வாரத்து வெயிலையும் இரண்டு மூன்று பெண்களின் முதுகுவலியையும். சேற்றிலிருந்து அதைப் பொறுக்கி எடுத்தவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். நாவல் அதைச் சொல்லவில்லை. நீங்கள் படிக்காமல் விட்ட 168 பக்கங்களிலும் அந்தக் களம் திரும்பி வரவே இல்லை என்பதை, முழுவதும் படித்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

‘உன் வாழ்க்கையைக் கதைக்குள் கொண்டுவராதே’ என்ற அறிவுரை எனக்கு வியப்பாக இருக்கிறது. வாழ்க்கையைக் கொண்டுவராமல் கதை படிக்கிறவர் யார்? மழையில் நனைந்த நாயகியைப் பார்த்து நாயகன் உருகும் இடத்தில் உங்கள் தோழிகளும் உருகினார்கள் என்றால், தாங்கள் நனைந்த ஏதோ ஒரு மழையை அவர்களும் கொண்டுவந்ததால்தான் அது முடிந்தது. நீங்கள் கொண்டுவந்த பொருள் நாவலுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக அதை வாசலிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வது நியாயம் ஆகாது.

சில பிழைகளை நான் எளிதில் மன்னித்துவிடுவேன். இந்த நாவலின்படி, நாயகனின் முன்னோர்கள் ‘ஐந்நூறு ஆண்டுகளாக’ ஏற்காட்டில் காப்பி பயிரிட்டு வருகிறார்கள். சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்ததே 1820களில், சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில்தான். டிசம்பர் மாதத்தில் காப்பிப் பூ உதிர்ந்து நாயகியின் கூந்தலில் விழுகிறது, அதே பக்கத்தில் பழப் பறிப்பும் மும்முரமாக நடக்கிறது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து மார்ச், ஏப்ரலில் மலையே வெள்ளையாகப் பூத்து, சில நாள் மணம் வீசி அடங்கிவிடும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பழம் சிவப்பதோ ஆண்டுக் கடைசியில். இவை விசாரிக்காமல் எழுதியதால் வந்த பிழைகள், அடுத்த பதிப்பில் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். களத்துக் காட்சியை அப்படித் திருத்த முடியாது, ஏனென்றால் அங்கே ஆசிரியர் விசாரிக்காமல் விட்டது ஒரு மனிதரை.

காதல் என்ற பெயரில் கொடுமையை எழுதவே கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 1847ஆம் ஆண்டு இங்கிலாந்தில், எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் எமிலி பிரான்டே வெளியிட்ட ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலைக் காதல் காவியம் என்று நினைத்து எடுத்துப்போய், பாதியில் திருப்பிக்கொடுத்த கல்லூரிப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதன் நாயகன் ஹீத்கிளிஃப் பழிவெறி கொண்டவன், நாயகி கேத்தரின் தன்னலக்காரி. இருவரையும் வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் காப்பி கொடுக்கக்கூட நமக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கதையைச் சொல்கிறவள் நெல்லி டீன் என்ற வீட்டுப் பணிப்பெண். ஹீத்கிளிஃப் இசபெல்லா என்ற பெண்ணை இரவோடு இரவாக அழைத்துக்கொண்டு ஓடும் நேரத்தில், அவளுடைய சிறு நாயைக் கைக்குட்டையில் கட்டித் தூக்கில் தொங்கவிட்டுப் போகிறான். மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் அந்த நாயை இருட்டில் கண்டு அவிழ்த்துவிடுகிறவள் நெல்லி. பிற்பாடு ஹீத்கிளிஃப்பே அவளிடம், இந்த இசபெல்லா தன்னை ஒரு காதல் கதை நாயகனாகக் கற்பனை செய்துகொண்டாள் என்று ஏளனமாகச் சொல்கிறான். நாயை அவிழ்க்க ஒரு கை அந்த நாவலுக்குள் இருக்கிறது. உங்கள் நாவலிலும் அந்தக் கையாக இருந்திருக்கக்கூடியவள், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அந்தப் பெயரில்லாத பெண். அவளை ஒரே ஒரு வாக்கியம் பேசவிட்டிருந்தால் நாயகியின் திமிரைக்கூட நீங்கள் பொறுத்துக்கொண்டு மேலே படித்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் இலக்கணமும் இந்த விஷயத்தில் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளவில்லை. தொல்காப்பியம் அகத்திணையை ஏழாகச் சொல்கிறது. ஒத்த அன்புடைய ஐந்து திணைகளை நடுவில் வைத்து, ஒருதலைக் காதலாகிய கைக்கிளையை ஒரு பக்கத்திலும் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையை மறு பக்கத்திலும் நிறுத்துகிறது. பெருந்திணையின் குறிப்புகளாக எண்ணும் நான்கில் ஒன்று ‘மிக்க காமத்து மிடல்’, அதாவது ஆசை மிகுந்து வலிமை காட்டுவது. கையை முறுக்கி, அறையில் பூட்டி, மிரட்டித் தாலி கட்டும் உங்கள் நாயகனுக்கு அந்தக் காலத்திலேயே பெயர் வைத்துவிட்டார்கள். (ஒதுக்கிவைத்த இந்த இரு திணைகளும் ஏவல் செய்வோருக்கும் தொழில் செய்வோருக்கும் விலக்கப்படவில்லை என்று அதே நூல் சொல்கிறது. அந்த நூற்பாவோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. இந்த நாவலில் தோட்ட முதலாளியே பெருந்திணைத் தலைவனாக வந்து நிற்பதைப் பார்த்தபோது கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது.) பெருந்திணையைப் பாடக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. அது பெருந்திணை என்று தெரிந்து பாடினார்கள். என் தொழிற்பாஷையில் சொல்வதானால், இந்த நாவலின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டு தவறு. பெருந்திணைப் புத்தகத்துக்குக் குறிஞ்சிச் சீட்டு ஒட்டி, குறிஞ்சி அடுக்கில் வைத்திருக்கிறார்கள். குறிஞ்சி என்று நம்பி எடுத்த நீங்கள் ஏமாந்தீர்கள்.

இத்தகைய நாயகர்கள் ஏன் இத்தனை பேர் உலவுகிறார்கள் என்பதற்கு, தொடர் எழுதும் முறையிலேயே பாதி விடை இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம் வெளியாக வேண்டும், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு முடிச்சு விழ வேண்டும். உங்கள் நாவலின் சிக்கல், தங்கையை ஏமாற்றியது நாயகியின் அண்ணன் அல்லன் என்ற ஒரே ஒரு செய்திதான். (மன்னிக்கவும், 530ஆம் பக்கத்து இரகசியத்தைச் சொல்லிவிட்டேன்.) இருவரும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசியிருந்தால் நாற்பது பக்கத்தில் கதை முடிந்திருக்கும். பேசவிடாமல் ஐந்நூறு பக்கம் இழுக்க வேண்டும் என்றால், அவனுக்கு மூர்க்கமும் அவளுக்கு வீம்பும் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. ஆக, அவை அவர்கள் வாழ்ந்து பெற்ற குணங்களாகத் தெரியவில்லை, கதவு திறந்துவிடாமல் இருக்க அடியில் செருகிய ஆப்புகளாகவே தெரிகின்றன. கடைசி அத்தியாயத்தில் ஆப்பைப் பிடுங்கியதும் அவன் ஒரே நாளில் சாந்தமாகிவிடுகிறான். மன்னிப்பும் கேட்கிறான். அந்த மன்னிப்பை மட்டும் நீங்கள் படித்துப்பார்க்க வேண்டும். ‘நான் செய்ததெல்லாம் உன்மேல் வைத்த காதலால்தான்’ என்பது அதன் சாரம். எதைச் செய்தேன் என்று ஓரிடத்திலும் பெயர் சொல்லவில்லை. கோவலன் எண்ணி எண்ணிச் சொன்னதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

இதுவரை உங்கள் பக்கம் பேசினேன். ஓரிடத்தில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. நாயகியின் குற்றங்களை அடுக்கும்போது, மாமியாரை எதிர்த்துப் பேசியதையும் சமையலறைக்குப் போகாததையும் காப்பியை உதைத்ததையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே தட்டில் வைக்கக்கூடியவை அல்ல. மிரட்டிக் கொண்டுவரப்பட்ட வீட்டில் ஒரு பெண் அடுப்பைத் தொட மறுத்தால், அது அந்த நாவலில் வரும் மிகச் சில நியாயமான செயல்களில் ஒன்று. மாமியாரிடம் அவள் பேசும் 96ஆம் பக்கத்து வசனம் எனக்குப் பிடித்தே இருந்தது. அரசவையில் நின்று ‘தேரா மன்னா’ என்று பாண்டியனை விளித்தவளைத் தெய்வமாக வைத்திருக்கும் ஊரில், பெண்ணின் வாய்த்துடுக்கு மட்டும் எப்படிக் குற்றமாகும்? அவளுடைய கோபம், அதற்குக் காரணமானவனைவிட்டுத் தனக்குக் கீழே இருப்பவர்களின் உழைப்பின்மேல் பாய்ந்ததுதான் குற்றம். எது பிடிக்கவில்லை என்பதை இப்படிப் பிரித்துக்கொள்ளாமல் கூட்டத்துக்குப் போனால், ‘அடக்கமான பெண்ணைத்தான் உனக்குப் பிடிக்கும்’ என்று தோழிகள் ஒரே வார்த்தையில் உங்களை மடக்கிவிடுவார்கள். அதில் பாதி உண்மையும் இருக்கும்.

தோழிகளின் ரசனையைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். நானும் இளம் வயதில் அப்படி எண்ணியவள்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் மெருகு போடும் பெண் ஒருவர், சனிக்கிழமை தவறாமல் வந்து இரண்டு காதல் நாவல்கள் எடுத்துப்போவார். எல்லாம் மூர்க்கமான நாயகர்களின் கதைகள். ஒருநாள், ‘இதையே படித்துக்கொண்டிருக்கிறீர்களே’ என்று கொஞ்சம் ஏளனமாகவே கேட்டுவிட்டேன். ‘அவன் கடைசியில அழுவான் பாருங்கக்கா, அதுக்குத்தான்’ என்றார். அவர் திருப்பிக்கொடுத்த புத்தகங்களை அதன்பிறகு புரட்டிப்பார்ப்பேன். மெருகுக் கறை படிந்த கட்டைவிரலின் கருப்பு ரேகை முதல் பக்கங்களில் இலேசாகவும், கடைசி இருபது பக்கங்களில் அழுத்தமாகவும் பதிந்திருக்கும். நாள் முழுவதும் அதட்டும் குரல்களுக்கு நடுவில் இருக்கும் ஒருவர், அதட்டுகிறவன் மண்டியிடும் அந்த ஒரு காட்சிக்காக 500 பக்கத்து அதட்டலைப் பொறுத்துக்கொள்கிறார். அதை அறியாமை என்று சொல்ல அன்றைக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. உங்கள் தோழிகளும் ஒருவேளை அந்த இருபது பக்கத்தைத்தான் படித்திருப்பார்கள், நீங்கள் முந்தைய பக்கங்களைப் படித்திருக்கிறீர்கள்.

மீதிப் பக்கங்களைப் படித்தாக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. அது எங்களைப் போன்ற நூலகர்களுக்காக எழுதப்பட்டது என்றாலும், வாசகர் தமக்குத் தாமே கடைப்பிடிப்பதில் தடை ஏதுமில்லை. 412 பக்கம் படித்தவருக்குப் பேசும் உரிமை வந்துவிட்டது. கூட்டத்தில் ‘முடிவைப் படிக்காமல் பேசுகிறாய்’ என்ற வாதம் எழாமல் இருக்க, கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிடுங்கள். பதினான்கு பக்கம்தான். சேலத்துக்கு இறங்கும் பேருந்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றாமல் படிக்க முடிகிறவர் என்றால் அடிவாரம் வருவதற்குள் முடித்துவிடலாம். எனக்கு அது முடியாது.

கூட்டத்தில் ‘நாவல் மோசம்’ என்று தொடங்காதீர்கள். ஆறு பேர் விரும்பிய ஒன்றை மோசம் என்று சொன்னால் ஆறு பேரும் அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், தட்டுவடை செட்டு தீரும்வரை அதுவே ஓடும். 286, 287ஆம் பக்கங்களை யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நன்றாக வாசிக்கும் குரலாகப் பார்த்துக் கேளுங்கள், ஆசிரியருக்கும் நியாயம் செய்ய வேண்டும் அல்லவா? படித்து முடிந்ததும், ‘அந்தக் காப்பியை யார் பொறுக்கினார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். களம் எப்படி இருக்கும், சாயங்காலம் எப்படி மூடுவார்கள் என்று யாராவது உங்களைக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம். ஒருவராவது அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டிப் பார்ப்பார் என்பது என் எதிர்பார்ப்பு. அப்படி யாரும் பார்க்காவிட்டாலும், அடுத்த நாவலைத் தேர்ந்தெடுக்கும் முறை உங்களுக்கு வரும்போது, வேலை செய்கிறவர்களுக்குப் பெயர் வைத்திருக்கும் ஒரு கதையாகப் பார்த்து எடுங்கள்.

பென்சில் குறிப்பைப் பற்றி. நூலகப் புத்தகமாக இருந்திருந்தால் உடனே அழித்துவிடச் சொல்லியிருப்பேன், அபராதமும் கேட்டிருப்பேன். தோழியின் புத்தகம் என்பதால், கூட்டம் முடிந்தபிறகு தனியே அழைத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அவர் அப்படியே இருக்கட்டும் என்றால் விட்டுவிடலாம். அழிக்கச் சொன்னால் மெல்லிய வெள்ளை ரப்பரால், பக்கத்தை மறு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். என் பிரதியின் தாள் மிகவும் மெல்லியது. முன்னும் பின்னும் தேய்த்தால் கிழிந்துவிடும்.